டீச்சர் வீட்டுப் பியானோ கச்சேரி: மகளுக்கு அம்மா எழுதுவது

சுங்கை சிப்புட்
பேராக், மலேசியா
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீ நலமா என்பதை நீ சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். தம்பிக்குத் தைப்பிங்கில் வேலை நிரந்தரமாகிவிட்டது; அவனே உனக்குச் சொல்லியிருப்பான். வாசல் முருங்கையை அப்பா வெட்டிவிட்டார், வேர் சாக்கடைக்குள் போய்விட்டதாம். போன மாதம் நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. பணம் யார் கேட்டார்கள்? மான்செஸ்டரில் ஓர் அறைக்கு எவ்வளவு வாடகை கொடுக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? குளிர் தொடங்கியிருக்கும். கையுறை போடாமல் வெளியே போகாதே.

டீச்சர் வீட்டுக் கச்சேரி நேற்று நடந்தது. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பாய் என்று நாள் முழுவதும் கைப்பேசியை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தேன். உனக்கும் அழைப்பு அனுப்பியதாக டீச்சர் சொன்னார். நீ பதில் போடவில்லை என்பதை அவர் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார். உன்னிடம் ஒரு காசு வாங்காமல் எட்டாம் கிரேடு வரைக்கும் சொல்லிக்கொடுத்தவர். சரி, அதை விடு. நீ கேட்காவிட்டாலும் நான் எழுதத்தான் போகிறேன்.

டீச்சர் குடியிருக்கும் பழைய சின்னத்துரை பங்களா வெளியே பார்க்க அப்படியேதான் இருக்கிறது. முன்கூடத்தைத்தான் நீ அடையாளம் கண்டிருக்க மாட்டாய். சோபா, அலமாரி எல்லாவற்றையும் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டு, மாரியம்மன் கோயில் மண்டபத்து நாற்காலிகளை லாரியில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் வராந்தாவில், அங்கும் கிடைக்காதவர்கள் முற்றத்துக் கூடாரத்தின் கீழ். மூன்று மணிக்கே வானம் கறுத்துவிட்டது. நம் ஊர் நவம்பர் மழையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருகிறவர்கள் நனைவார்களே என்று நாங்கள் கவலைப்பட்டோம். டீச்சருக்குப் பியானோவைப் பற்றிய கவலை. ஈரக்காற்று பட்டால் உள்ளே இருக்கும் ஒலிப்பலகை புடைத்துச் சுதி ஏறிவிடும் என்று சின்ன வயதில் நீ அப்பாவுக்குப் பாடம் நடத்துவாயே, அதுதான். வெள்ளிக்கிழமை சுதி சேர்த்துவிட்டுப் போன ஈப்போ ட்யூனர் நேற்று மத்தியானம் மறுபடியும் வந்தார். ஒரு பியானோவுக்குள் இருநூறுக்கும் மேலே கம்பிகள். நான் சமையலறையில் கறிபாப் மடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தார். அப்பா சமையலறைக் கதவருகில் நின்று, "இப்போது சரியாகிவிட்டது", "இல்லை, இன்னும் இல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் காதை யார் பழக்கினார்கள் என்று உனக்குத் தெரியும்.

ஈரம் ஏறாமல் இருக்க நம் வீட்டுப் பியானோவுக்குள் வைத்த சூட்டுக்குழாயும் இன்னும் ஓடுகிறது. அந்தச் சுவிட்சை அணைக்க அப்பா யாரையும் விடுவதில்லை. தம்பி அறையில் விசிறி சுற்றினால் மின்கட்டணம் பற்றிப் பேசுகிறவர், அதைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்.

வசூல் பெரியப்பா போகும் இரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கு. ஒரு நாற்காலிக்கு முப்பது வெள்ளி. நோயாளிகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் பெரியப்பா அந்த மெஷினோடு படுத்திருக்கிறார். அதோடு முடிவதில்லை. ரத்தம் ஊறுவதற்கு வேண்டிய சுரப்பைச் சிறுநீரகம்தான் தருகிறதாம். அது கெட்டுப்போனால் ரத்தமும் குறைந்துவிடும், அதற்குத் தனியாக ஊசி. மெஷின் செலவுக்கு எப்படியோ வழி செய்துவிடுகிறார்கள், ஊசிக்குத்தான் தோட்டத்துச் சனங்கள் திண்டாடுகிறார்கள். ஊசி போடாத வாரம் பெரியப்பாவால் கோயில் படி ஏற முடிவதில்லை. அவரைப் பற்றி நீ விசாரித்தே எத்தனையோ நாளாகிவிட்டது. உன்னைச் சைக்கிளில் வைத்துப் பியானோ வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான்.

தொடங்குவதற்கு முன் டீச்சர் ஒரு கதை சொன்னார். ஆங்கிலத்தில் சொல்லி, தமிழிலும் மலாயிலும் அவரே சொன்னார். 1838 இல் டான்யூப் நதி பெருகி ஹங்கேரியில் பெஷ்ட் நகரத்தை மூழ்கடித்துவிட்டது. அந்த நாட்டில் பிறந்த பியானோ கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட் அப்போது வெனிஸில் இருந்தாராம். பத்திரிகையில் செய்தியைப் படித்தவர், உடனே வியன்னாவுக்குப் புறப்பட்டுப் போய் வரிசையாகக் கச்சேரிகள் செய்து, வெள்ளத்தில் எல்லாம் இழந்தவர்களுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தாராம். நம் ஊரில் வெள்ளம் வந்தால் அரிசியும் பாயும் சேர்ப்போம். அவரிடம் இருந்தது பத்து விரல்கள். சின்னப் பையனாக இருக்கும்போதே ஊரை விட்டுப் போனவர் அவர், ஊர்மொழிகூடச் சரியாகப் பேச வராதாம். ஊருக்கு ஒரு துன்பம் என்றதும் துடித்துவிட்டார். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. கேட்கும்போது எனக்கு உன் நினைவு வந்தது, அவ்வளவுதான்.

முதலில் வாசித்தது பால் ஸ்டோர் அக்காவின் பேத்தி. மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இரட்டைச் சடை, வெள்ளைக் காலுறை, கால் தரையில் எட்டவில்லை என்று அடியில் ஒரு மரப்பெட்டி. என்ன வாசித்தாள் என்று நினைக்கிறாய்? ஜி மேஜர் மினுவெட். உன் பாட்டு! அது பாக் எழுதியது அல்ல, பெட்ஸோல்ட் என்பவர் எழுதியது என்று டீச்சர் சொன்னார். பாக் தம் மனைவிக்காக 1725 இல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் பெயர் போடாமல் எழுதி வைத்திருந்ததால், வெகுகாலம் எல்லோரும் பாக் எழுதியது என்றே நினைத்தார்களாம். யார் எழுதியிருந்தால் என்ன, அந்தப் பிள்ளை உதட்டுக்குள்ளே ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டு வாசித்தபோது நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். பாதியிலேயே வராந்தாப் பாட்டிகள் கைதட்டிவிட்டார்கள். அவள் பயப்படவில்லை. கைதட்டல் ஓயும் வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். நீயும் அந்த வயதில் அப்படித்தான். எதற்கும் பயப்பட மாட்டாய், எதையும் ஒளிக்கவும் மாட்டாய்.

பிறகு இரும்புக் கடைச் சீனத் தவுக்கேயின் மகன். இப்போது ஈப்போவில் இசைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறான். சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, முதல் வேலையாக என்னைத் தேடி, "அக்கா எப்படி இருக்கிறார்?" என்று தமிழில் கேட்டான். நீ பரீட்சைக்குப் பயிற்சி செய்யும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டதால்தான் தனக்கும் ஆசை வந்தது என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அவன் நிறைய வாசித்தான். எல்லாவற்றையும் எழுதினால் தாள் போதாது, நிகழ்ச்சி நிரலை உள்ளே வைத்திருக்கிறேன். ஷூமன் 1838 இல் எழுதிய குழந்தைப் பருவக் காட்சிகளில் சிலவற்றை வாசித்தான். கனவு என்று பெயர் வைத்த பாட்டு வந்தபோது, கூடாரத்தின் கீழ் இருந்த கைக்குழந்தைகள்கூட அடங்கிவிட்டன. அந்த ஷூமனுக்கு இருபது வயதைத் தாண்டிய சமயத்தில் வலது கை விரல் கெட்டுப்போய்விட்டதாம். பெரிய பியானோ கலைஞராக வர வேண்டும் என்று இருந்தவர். கை போனபின் எழுதுவதிலேயே இறங்கிவிட்டார். அவர் எழுதியதை அவர் மனைவி கிளாரா ஊர் ஊராகப் போய் வாசித்தாராம்.

அதற்கு அடுத்ததைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும் என்று நேற்று முதல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்க்ரியாபின் என்ற ரஷ்யர் 1894 இல் எழுதிய நாக்டர்ன். உனக்குத் தெரிந்திருக்கும். இடது கைக்கு மட்டும் எழுதியது. அவரும் மாஸ்கோவில் மாணவராக இருந்தபோது, கூடப் படித்தவர்களுக்குச் சளைக்கக் கூடாது என்று அளவுக்கு மிஞ்சிப் பயிற்சி செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டாராம். இனி சரியாகாது என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். அந்த நாட்களில் இடது கையை அவர் எவ்வளவு தூரம் பழக்கினார் என்பது இந்தப் பாட்டைக் கேட்டால் தெரியும் என்றார் டீச்சர்.

நான் முன்வரிசையில், பியானோவுக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் வலது கையை எடுத்து மடியில் வைத்தான். உள்ளங்கை மேலே பார்க்க, ஒன்றும் பிடிக்காமல் கிடந்தது. இடது கை அடியில் ஒரு கட்டையைத் தொட்டது. காலால் பெடலை மிதித்து அந்த ஒலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது அடங்குவதற்குள் கை மேலே தாவியது. பாட்டைப் பாடியது முழுவதும் கட்டைவிரல். மற்ற நான்கு விரல்களும் அதற்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தன. கண்ணை மூடினால் இரண்டு கைகள் வாசிக்கின்றன. கண்ணைத் திறந்தால் ஒன்றுதான். நடுவில் ஓரிடத்தில் ஓசை பெரிதாக எழுந்தபோது, மடியில் இருந்த வலது கையின் விரல்கள் தாமாகவே அசைந்தன. அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். நான் அந்தக் கையையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததுகூடத் தெரியவில்லை. பெரியப்பா முழங்கையால் இடித்தபின்தான் கைதட்டினேன். பெரியப்பா கைதட்டவில்லை. அவர் இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதில் பாரம் படக் கூடாது, அடிபடக் கூடாது. அவரும் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் தொடையில் தட்டினார்.

இந்தப் பாட்டை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று டீச்சர் சொன்னார்: ஒரு கையைக் காபந்து செய்துகொண்டு வாழ்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறார்களாம். நோயாளிகளைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நீ ஏதாவது அவரிடம் சொல்லியிருக்கிறாயா? சொல்லியிருந்தால் சொல்லியிருந்துவிட்டுப் போ, எனக்கு அதில் வருத்தமில்லை. அவரும் உனக்குத் தாய்தான்.

அந்தக் கிளாராவைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். கணவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு, 1877 இல், பிராம்ஸ் என்பவர் ஒரு காரியம் செய்தாராம். பாக் வயலினுக்கு எழுதிய ஒரு பெரிய பாட்டைப் பியானோவில் இடது கை மட்டும் வாசிக்கும்படி மாற்றி எழுதி கிளாராவுக்கு அனுப்பிவைத்தார். கிளாராவின் கைக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்தச் சமயத்தில்தான் கிளாரா ஒரு மேசை இழுப்பறையை இழுத்துத் திறக்கப்போய் வலது கை நரம்பு பிசகிக் கிடந்தார். யோசித்துப் பார். ஊரெல்லாம் சுற்றி வாசித்த கை. ஓர் இழுப்பறை. அவர் அதை மறைக்கவில்லை, நடந்ததை நடந்தபடி பிராம்ஸுக்கு எழுதிவிட்டார். அதனால்தான் இத்தனை வருடம் கழித்து சுங்கை சிப்புட்டில் எங்களுக்குத் தெரிகிறது.

தேநீர் நேரத்தில் ஈப்போவிலிருந்து வந்திருந்த மருத்துவர் ஒருவரோடு பேசினேன். எலும்பு, நரம்பு பார்க்கிறவர். மழை விட்டுவிட்டதால் எல்லோரும் முற்றத்துக்குப் போய்விட்டார்கள், அவர் மட்டும் பியானோவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்தவர் வீட்டுப் பெண் ஒருத்தி பியானோ வாசிக்கிறவள், அவளுக்குக் கையில் ஏதோ தொந்தரவு என்று சொல்லிக் கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: வலி இருக்கிறதா, அல்லது வலியே இல்லாமல் விரல் சொன்னபடி கேட்க மறுக்கிறதா? இரண்டும் வேறு வேறாம். வீக்கமும் வலியும் என்றால் பெரும்பாலும் ஓய்வு கொடுத்து, பிறகு வாசிக்கும் முறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, சரிசெய்துவிடலாம். வலியே இருக்காது, சட்டைப் பொத்தான் போட முடியும், பேனா பிடிக்க முடியும், பியானோவில் கைவைத்தால் மட்டும் மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கிக்கொள்ளும் என்றால், அது மூளைக்கும் கைக்கும் இடையில் வருகிற கோளாறு, அதற்கு மருத்துவம் வேறு. லியோன் ஃபிளைஷர் என்ற அமெரிக்கருக்கு அதுதான் வந்தது; முப்பது வருடத்துக்கு மேல் இடது கைப் பாட்டுகளை வாசித்தும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும், இசைக்குழு நடத்தியும் இருந்துவிட்டு, கடைசியில் சிகிச்சைக்குப் பிறகு இரண்டு கையாலும் வாசித்தார் என்றார். எதுவாக இருந்தாலும், வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பதுதான் செய்யவே கூடாத காரியம் என்று இரண்டு முறை சொன்னார். தெரிந்தவர் வீட்டுப் பெண்ணிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். சொல்லிவிட்டேன்.

எனக்கும் கை போன காலம் ஒன்று உண்டு. நீ பிறப்பதற்கு முன்பு, தோட்டம் செம்பனைக்கு மாறுவதற்கும் முன்பு. விடிவதற்குள் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால் பால் எடுக்க நானூறு ஐந்நூறு ரப்பர் மரத்தில் பட்டை வெட்ட வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது, அதனால் நின்று மூச்சுவிட நேரமில்லை. ஒவ்வொரு மரத்திலும் அதே இழுப்பு, அதே சாய்வு, அதே அழுத்தம். இரவில் விரல்கள் மரத்துப்போய்விடும். எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டே இருப்பேன். தோட்டத்து டிரஸ்ஸர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். உன் பாட்டி தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். பேர் வெட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் வலியோடுதான் போனேன். வலிக்கிற கை என்ன செய்யும் தெரியுமா? அழுத்தம் நிற்காது. கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே கட்டையில் பட்டுவிடும். பட்ட இடத்தில் மரம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்து வளரும். பிறகு புதுப்பட்டை வந்தாலும் அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அந்த முண்டுகளைத் தடவிப் பார்த்துத்தான் யாருக்குக் கை சரியில்லை என்று கண்டுபிடிப்பார். நல்ல மனிதர். என்னைச் சில வாரம் ஆயக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். கை தேறியது. மரத்தைக்கூட ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவார்கள், தெரியுமா? தினமும் வெட்டினால் பால் வற்றிப் பட்டை காய்ந்துவிடும் என்று மரத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

தீபாவளியன்று வீடியோவில் பேசினாயே, அப்போது நீ தேநீர்க் கோப்பையை இடது கையில் பிடித்திருந்தாய். நீ எதையும் இடது கையில் பிடிக்கிறவள் அல்ல. உன் பாட்டி அடித்துத் திருத்திய வீடு இது. வலது கையைச் சட்டைக் கைக்குள் இழுத்து வைத்திருந்தாய், குளிர் என்றாய். அப்பா பட்டாசு வாங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தார், அவர் கவனிக்கவில்லை. அதற்கு முன்பெல்லாம் நீளநீளமாக எழுதுவாய். இப்போது குரல் பதிவுதான் வருகிறது, அதுவும் நான்கு வார்த்தை. நான் படித்தது ஆறாம் வகுப்பு. ஆனால் உன் கையை உன் டீச்சருக்கும் முன்னால் பார்த்தவள் நான்.

வாசிக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. அடுத்த கச்சேரி எப்போது என்றும் கேட்கவில்லை. யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கையுறை போடு. வெந்நீரில் கொஞ்சம் உப்புப் போட்டு இரவில் கையை வை. கனமான பையைத் தூக்காதே. அங்கே மருத்துவமனையில் தேதி கொடுக்க மாதக்கணக்காகும் என்று கேள்விப்படுகிறேன். அப்படியானால் இங்கே வா. ஈப்போ மருத்துவரின் அட்டை என்னிடம் இருக்கிறது. கை கிளாஸுக்கு வேண்டும், பாடத்துக்கு வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை, விடுமுறைக்கு வா. டிக்கெட்டுக்கு நீ அனுப்பிய பணத்தையே எடுத்து வைத்திருக்கிறேன், ஒரு வெள்ளிகூடத் தொடவில்லை. வந்தால் பால் ஸ்டோர் அக்காவின் பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடு, அதற்குக் கை வேண்டாம். டீச்சருக்குக் காது முன்போல் இல்லை. அந்தப் பிள்ளை நான்காவது விரலைத் தூக்கித் தூக்கி வாசிக்கிறாள், அது எனக்கே தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை.

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாயும் வியாழனும் மத்தியானம் அவர் பெரியப்பாவை மையத்துக்குக் கூட்டிப்போய்விடுவார். இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை வீட்டில் நான் மட்டும். உனக்கு அப்போது காலை. வீடியோ வேண்டாம் என்றால் வேண்டாம், குரல் போதும். நீ பேச வேண்டும் என்றுகூட இல்லை, கூப்பிடு. நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பார்சல் நாளை அனுப்புகிறேன். வறுத்த தவிடு ஒரு பொட்டலம், வெங்காய வடகம், டீச்சர் கொடுத்த இடது கை நாக்டர்னின் நகல், இரண்டு ஜோடிக் கம்பளிக் கையுறை, கோடாலித் தைலம். தைலப் புட்டி வழியில் ஒழுகக் கூடாது என்று அப்பா மூடியை இறுக்கித் திருகி டேப் ஒட்டியிருக்கிறார். கத்தரியால் டேப்பை வெட்டிவிட்டு, பக்கத்து அறைப் பெண்ணிடம் கொடுத்துத் திறக்கச் சொல். வலது கையால் நீ திருகாதே.

அம்மா